காது காட்டினால் முட்டை

அக்டோபர் 17, வியாழன்

காலையில் மூட்டுவலி, பத்து மணிக்கு மூடுபனி, பதினொன்றுக்கு முதல்வர். மூன்றும் வந்தால் சாயங்காலம் வரை போகாது.

"பள்ளிக்கு நூத்தி இருபத்தஞ்சு வயசு ஆகுது, பிமலா மிஸ். ஒரு வரலாறு வேணும். படிச்சா உற்சாகமா இருக்கணும். படம் நிறைய போடலாம். அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார் பக்ஷி. வெள்ளைக்காரன் மலையை வளைத்துப் போட்டு அதில் பள்ளிக்கூடம் கட்டிய கதை, அரசியல் இல்லாமல் வேண்டுமாம். கல்கத்தாவிலிருந்து வந்த மனிதர், அக்டோபரிலேயே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் எதைச் சொல்லி எது கேட்கும்?

கிளென்ஃபார் பள்ளியில் நான் சரித்திரம் நடத்துவதால் சரித்திரம் என் கைப்பையில் இருக்கிறது என்று நினைக்கிறார். சரி, எழுதுவோம். மக்வின்னி பாதிரியார் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு பசுக்களோடும் ஒரு ஹார்மோனியத்தோடும் வந்தார். பசுக்கள் வழியிலேயே செத்துப்போயின. ஹார்மோனியம் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் காலைப் பிரார்த்தனையில் நாங்கள் அனுபவிக்கிறோம்.

வாசல் கல்வெட்டில் "மலையின் அநாதைக் குழந்தைகளுக்காக" என்று இருக்கிறது. அந்த அநாதைகளுக்கு அப்பா, தேயிலைத் தோட்டத்துத் துரை. அம்மா, அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். இருவரும் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருப்பார்கள். துரைக்கு நிச்சயித்த பெண் இங்கிலாந்தில் கப்பல் ஏறியதும் குழந்தை இங்கே அநாதையாகிவிடும். இது கர்சியாங் டீக்கடை நாய்க்குக்கூடத் தெரியும். விருந்தாளிகள் முன்னால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 19, சனி

இன்று பின்கேட்டில் நல்ல கூத்து.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பின்கேட்டைத் திறப்பார்கள். கீழ்க்கிராமத்துப் பெண்கள் கூடைகளோடு வெளிப்பக்கம் உட்காருவார்கள். அவித்த முட்டை, மிளகாய் உப்பு, கயிற்றில் கோத்த சுர்பி, கல்லாக இறுகிய பாலாடைக்கட்டி. பிள்ளைகள் உள்ளே வரிசையாக நிற்பார்கள். முட்டை வேண்டுமென்றால் முதலில் குனிந்து காதைக் காட்ட வேண்டும். முட்டைக்காரி இரண்டு காதையும் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள், பின்னங்கழுத்தைத் தடவுவாள், "சீ, உருளைக்கிழங்கே நடலாம்" என்று திட்டுவாள், பிறகுதான் முட்டை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். எனக்கு முன்னாலும் அப்படித்தானாம்.

இதைப் பார்க்கத் தில்லியிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். இஷிதா என்று பெயர். குழந்தைப் பாதுகாப்பு ஆலோசகர். விழாவுக்கு முன் பள்ளியைத் தணிக்கை செய்கிறாள். நான்காம் வகுப்புப் பையன் குனிந்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இவங்க யாரு? எதுக்குப் பிள்ளைங்களைத் தொடறாங்க?"

"முட்டை விக்கிறவங்க."

"முட்டை விக்க எதுக்குக் காது?"

நியாயமான கேள்விதான். நான் சுக்மாயாவைப் பார்த்தேன். சுக்மாயா என் வயதுக்காரி, பின்கேட்டின் மகாராணி. அவள் ஆலோசகரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி 'நானி' என்று கூப்பிட்டாள்.

"உனக்கு முட்டை வேணுமா, நானி? வேணும்னா நீயும் குனி. தில்லிக் காதுல என்ன இருக்குன்னு பாக்கறேன்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கேட்டே ஆடியது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் 21, திங்கள்

அந்தப் பெண் எழுதிக்கொண்டது வேலை செய்துவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் பக்ஷி அறிவித்தார். பின்கேட்டை மூடிச் சுவர் எழுப்பப் போகிறார்கள். சும்மா சுவர் இல்லை, "நிறுவனர் சுவர்". மக்வின்னியின் தாடியும் மூஞ்சியும் சிமெண்டில் வருமாம். நவம்பர் 23 விழாவன்று வாரியத் தலைவர் சேட்டியா முதல் செங்கல்லை வைப்பார். முட்டை இனிமேல் கேன்டீனில் கிடைக்கும். காது பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அக்டோபர் 22

அந்தப் பெண் சொல்வது தப்பா என்ன? செய்தித்தாளில் படிக்கிறேனே, எந்தெந்தப் பள்ளியில் என்னென்ன நடக்கிறதென்று. தெரியாதவர்கள் பிள்ளைகளைத் தொடக்கூடாது, சரிதான். ஆனால் சுக்மாயாவா தெரியாதவள்? போன வருடம் வந்த பக்ஷியைவிட அவளைத்தான் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 24, வியாழன்

மிஸ் ஐவியைப் பார்க்கப் போனேன். பக்ஷி அனுப்பினார்.

மிஸ் ஐவிக்கு எண்பத்தெட்டு வயது. ஐந்து வயதில் "அநாதை"யாக இங்கே வந்தவள். படித்து முடித்து, இங்கேயே விடுதியில் உதவி மேட்ரன் ஆகி, மேட்ரன் ஆகி, ஓய்வும் பெற்று, மேல்மேட்டுக் குடிலில் இருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் புடவை மடிப்பைப் பார்த்து "யாரு உனக்குக் கட்டிவிட்டது, குருடனா?" என்று கேட்டவள். இப்போதும் தேநீர்க் கோப்பையில் ரம் குடிக்கிறாள். பாதிரியார் வந்தால் அதிலேயே சர்க்கரையும் போட்டுக் கலக்குவாள்.

விழாவில் அவள் படிக்க வேண்டிய உரையை பக்ஷியே எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'ஆதரவற்று நின்ற என்னை இந்தப் பள்ளி தாயாக அணைத்துக்கொண்டது.' அடேங்கப்பா. பிமு, இந்தப் பள்ளி என்னை அணைச்சதே இல்ல. முட்டி போட வெச்சிருக்கு. விளக்கெண்ணெய் குடுத்திருக்கு. அணைச்சா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

இருவரும் சிரித்தோம். சிரித்த வேகத்தில், பின்கேட்டை மூடுகிற சேதியையும் வேடிக்கையாகச் சொன்னேன். மக்வின்னியின் தாடி, காது பார்க்காத கேன்டீன் முட்டை எல்லாம்.

அவள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ போ, பிமு. குளிருது. கதவைச் சாத்திட்டுப் போ."

என்னத்தைச் சொல்லிவிட்டேன்?

அக்டோபர் 26, சனி

இன்று அவளே கூப்பிட்டனுப்பினாள். வந்து எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. எங்கே ஆரம்பிக்கிறது?

அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

"அம்மாக்காரிங்க ரயில் ஸ்டேஷனைத் தாண்டி மேல வரக்கூடாதுன்னு மக்வின்னி சட்டம் போட்டிருந்தான். பிள்ளைங்க கெட்டுப்போயிருமாம். நேப்பாளி பேசுவோமாம், மண்ணுல உக்காருவோமாம். அதனால அவளுங்க என்ன பண்ணினாளுங்க? முட்டைக் கூடையைத் தூக்கிட்டு வந்தாளுங்க. அம்மாவுக்குத்தான தடை, முட்டைக்கு இல்லையே."

"பள்ளியில யாருக்கும் தெரியலையா?"

"வெள்ளைக்காரிக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான். ஆனா விக்கும்போது பேசக்கூடாது, கையைத் தொடக்கூடாது, காசைத் தட்டுல போடணும். பக்கத்துலயே மேட்ரன் நிப்பா. அப்போ எவளோ ஒருத்தி, ரொம்பக் கெட்டிக்காரியா இருக்கணும், ஒரு பொண்ணு காதைப் பிடிச்சு இழுத்து, 'இவ்வளவு அழுக்கா இருக்கிற பிள்ளைக்கு நான் முட்டை விக்க மாட்டேன்'னு கத்தினாளாம். மேட்ரனுக்கு ஒரே சந்தோஷம். கூலி இல்லாம ஒருத்தி சுத்தம் பாக்கறாளே! நல்லாப் பாருன்னு சொல்லிட்டா."

அன்றிலிருந்து தொடலாம் என்று ஆகிவிட்டது. எல்லாரும் எல்லாப் பிள்ளைகளின் காதையும் பார்த்தார்கள், அசல் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் காதையும் சேர்த்து. யாருக்கு யார் அம்மா என்று வெளியே தெரியாமலிருக்க அப்படி. திட்டினார்கள், தடவினார்கள், முட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

"உங்க அம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸ்?"

"முதல்ல தெரியாது. அஞ்சு வயசுல மூஞ்சி மறந்துபோச்சு. எல்லாரும் ரெண்டு காதைப் பாத்துட்டு விட்டுருவாங்க. ஒருத்தி மட்டும் ரெண்டையும் பாத்துட்டு, மறுபடி முதல் காதுலேருந்து ஆரம்பிப்பா. எனக்கு எரிச்சலா இருக்கும். பின்னாடி வரிசையில இருக்கிறவங்க கத்துவாங்க. ஒருநாள் அவ கை நடுங்கிச்சு. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது."

அவள் கோப்பையில் கொஞ்சம் ரம் ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

"பேரு?"

"தெரியாது. கேக்க முடியாதே. நான் அவளை முட்டைக்காரின்னுதான் கூப்பிட்டேன். வேற எதுவும் கூப்பிட்டதில்ல. என்கூடப் படிச்சதுங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிச்சு. எனக்கும் சீட்டு வந்தது. கப்பல்ல வாந்தி வரும், நான் போகலைன்னுட்டேன். கப்பலையே பாத்ததில்ல நான், பிமு."

உதவி மேட்ரன் ஆனதும் கேட்டின் உள்பக்கம் நிற்கிற வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இரண்டு வருடம் அப்படி. மூன்றாம் வருடம் மார்ச்சில் கேட் திறந்தபோது அந்தக் கூடை வரவில்லை. யாரிடம் விசாரிப்பது? என்னவென்று விசாரிப்பது?

"புத்தகத்துல எழுதட்டுமா, மிஸ்?"

"எழுதினா என் மூஞ்சியைப் போட்டு பேனர் அடிப்பான் அந்தக் குல்லாக்காரன். வேண்டாம். எனக்கு அந்தக் கேட் வேணும். அது மட்டும் திறந்திருக்கணும். அவ என்னைத் தொட்ட இடம் வேற எதுவும் இல்ல."

அக்டோபர் 28, திங்கள்

பக்ஷியிடம் போனேன். ஐவி பெயரைச் சொல்லாமல் மரபு, பாரம்பரியம், பழைய மாணவர்களின் நினைவு என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மிஸ், நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, 'மரபு'ன்னு போலீஸ்கிட்ட சொல்லவா?"

உண்மையாகவே பயப்படுகிறார் அவர். அதுதான் என் கோபத்தைக் கெடுக்கிறது. வெறும் முட்டாளாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்!

அக்டோபர் 29

"அப்படியென்றால் பேட்ஜ் கொடுங்கள், பதிவு செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். குளிக்கும்போதுதான் தோன்றுகிறது. எனக்கு நல்ல பதிலெல்லாம் வெந்நீரில்தான் வரும்.

போய்ச் சொன்னேன். "சுவருக்கு ஆர்டர் கொடுத்தாச்சு" என்றார்.

நவம்பர் 2, சனி

திகார் விடுமுறை, மலைக்காரர்களின் தீபாவளி. பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டுப் பாடி நான் அரிசிமாவில் வளையமாகச் சுட்ட செல் ரொட்டியைத் தின்று தீர்த்தார்கள். பின்கேட்டுப் பக்கம் செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. சுக்மாயா அதன்மேல் ஏறி உட்கார்ந்து சுர்பி மென்றுகொண்டிருந்தாள்.

"எங்களை விரட்டிட்டு யாரோட மூஞ்சியை வைக்கப் போறாங்க, மிஸ்?"

"மக்வின்னி."

"அவன் காதை எவளாவது பாத்திருப்பாளா?"

நவம்பர் 9

மக்வின்னியின் தாடி அச்சு சிலிகுரியிலிருந்து வந்தது. ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. கடவுள் இருக்கிறார்.

நவம்பர் 15, வெள்ளி

புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன்: "இந்தக் குழந்தைகளில் பலரின் தாய்மார்கள் உயிரோடு இருந்தார்கள்." யார் பெயரும் இல்லை. மெய்ப்பு திரும்பி வந்தபோது வரியும் இல்லை. பக்ஷி அந்த இடத்தில் ஆடு மேயும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஐவியிடம் சொன்னேன். "ஆட்டுக்கு அம்மா இருக்கான்னு கேட்டியா?" என்றாள்.

பிறகு, தனக்கு ஒரு கூடை முட்டை அவித்துத் தர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

நவம்பர் 23, சனி. இரவு

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் தேவாலயத்தில் ஆராதனை. ஹார்மோனியம் பாடுபட்டது. பிறகு எல்லோரும் பின்கேட்டுக்கு ஊர்வலம். பேண்டு வாத்தியம் முன்னால், சேட்டியா நடுவில், எழுபது வயதைத் தாண்டிய பழைய மாணவர் கூட்டம் பின்னால். சேட்டியாவுக்கு நாலு தேயிலைத் தோட்டம். இந்தப் பள்ளியில் படித்தவர். கையில் வெள்ளிக் கரண்டி, செங்கல் வைக்க.

கேட் திறந்திருந்தது. வெளிப்பக்கம், முட்டைக்காரிகளின் வரிசையில், சுக்மாயாவுக்குப் பக்கத்தில் பிரம்பு மோடா போட்டு மிஸ் ஐவி உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போடும் நீலத் தொப்பி. மடியில் கூடை.

பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. டிரம்காரப் பையன் மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் அடித்தான்.

பக்ஷி ஓடினார். "மேடம், உங்களுக்கு மேடையில நாற்காலி போட்டிருக்கு. உரை இருக்கு. வாங்க."

"முட்டை வேணுமா?"

"மேடம், ப்ளீஸ்…"

"வேணும்னா குல்லாவைக் கழட்டு. காது தெரியல."

பழைய மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு. பக்ஷி சேட்டியாவைத் திரும்பிப் பார்த்தார், இந்தக் கிழவிக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஆனால் சேட்டியா அங்கே இல்லை. கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே குனிந்தார். பழக்கம்! அறுபது வருடத்துப் பழக்கம், அந்த இடத்துக்கு வந்ததும் முதுகு தானாக வளைந்துவிட்டது. பின்னால் பார்த்தால் இன்னும் நாலைந்து வழுக்கைத் தலைகள் வரிசையில் நிற்கின்றன.

ஐவி அவர் காதுகளைப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள்.

"முடி மொளைச்சிருக்கு. வெட்டு" என்று முட்டையைக் கொடுத்தாள்.

சேட்டியா குனிந்தபடியே சிரித்தார். "மேட்ரன், இதை ஏன் பாக்கறீங்கன்னு யாருமே சொன்னதில்லையே. நானும் கேட்டதில்ல."

நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன், வேண்டாம் மிஸ், சொல்லாதீங்க, பேனர் அடிப்பாங்க என்று. அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"என் அம்மா இந்தப் பக்கம் உக்காந்திருந்தா" என்றாள். "உள்ள விட மாட்டாங்க. என்னைத் தொடறதுக்கு வேற வழி இல்ல. அதான்."

அம்மா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அந்தக் கேட்டில் அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சுக்மாயா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் இது தெரியாதாம். அவள் அத்தை பார்த்தாள், அதனால் அவளும் பார்த்தாளாம்.

சேட்டியா நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே "இந்தச் சுவர் யாரோட யோசனை?" என்றார்.

பக்ஷி மெதுவாகக் குல்லாவைக் கழற்றினார். அவர் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் காதுகளைப் பார்க்கிறேன். சின்னதாக, சிவந்து, பாவமாக இருந்தன. அவரும் குனிந்தார்.

நவம்பர் 26, செவ்வாய்

ஐவி சொன்னது நடந்துவிட்டது. பேனர் அடித்துவிட்டார்கள். "காது தினம்", ஒவ்வொரு வருடமும். சேட்டியா செலவில் பனியன், முன்னால் பெரிய காது படம். மக்வின்னியைச் சேமிப்பு அறையில் போட்டுவிட்டு அந்த இடத்தில் "தாய்மை வாயில்" என்று பலகை வைக்கப் போகிறார்களாம். பத்து நாளைக்கு முன்னால் ஆட்டுப் படம் போட்ட அதே மனிதர் இன்று எனக்கு "அன்னையரின் தியாகம்" என்று ஒரு முழு அத்தியாயம் கேட்கிறார். படிப்பவர்கள் கண் கலங்க வேண்டுமாம். இந்தப் பள்ளிக்கு எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடும்.

ஐவிக்குப் பனியனைக் காட்டினேன். கோபம் வரும் என்று நினைத்தேன். "சைஸ் பெருசு இருக்கா? ராத்திரிக்குப் போட்டுக்கலாம்" என்றாள்.

நவம்பர் 30, சனி

புது ஏற்பாடு. முட்டைக்காரிகளுக்கு பேட்ஜ், போலீஸ் சரிபார்ப்பு. உள்ளே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் (நான்தான், மூட்டோடு). காது பார்க்கும் முன் பிள்ளையிடம் சம்மதம் கேட்க வேண்டும். கடைசி விதி இஷிதா போட்டது. தில்லியிலிருந்து தொலைபேசியில் ஐவியோடு அவளே பேசினாளாம். அழுதாளாம்.

சுக்மாயாவுக்கு விதி பிடிக்கவே இல்லை. "பாக்கட்டுமா, துரையே? அனுமதி உண்டா, துரையே?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கும்பிடு போட்டாள். வரிசையில் புதுச் சிறுமி ஒருத்தி "வேண்டாம்" என்றாள். சுக்மாயா அவளைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே பெரிய முட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

டிசம்பர் 6

குளிர்கால விடுமுறை. பிள்ளைகள் எல்லாம் பேருந்தில் ஏறிக் கீழே போய்விட்டார்கள். பள்ளி வெறிச்சென்று இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 14, சனி

புத்தக மெய்ப்பைக் கொடுக்க அலுவலகம் போனேன். காவல்காரர் மோதிலால் முறையிட்டார்: "வழக்கமா மார்ச் வரைக்கும் பின்கேட்டைப் பூட்டிருவோம், மிஸ். மேட்ரன் சாவியைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. குடுன்னா அடிக்க வராங்க."

பின்கேட்டுக்குப் போனேன். மூடுபனியில் எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. கேட் அகலத் திறந்திருந்தது. ஐவி இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இந்தத் தடவை உள்பக்கம். முட்டைக்காரிகள் யாரும் இல்லை. பிள்ளைகள் இல்லாதபோது எதற்கு வரப்போகிறார்கள்?

"மிஸ், இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க. விடுமுறை."

"எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் மேட்ரனா இருந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் இந்தக் குளிர்ல?"

சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அந்தக் காலத்துல வீடு இருக்கிற பிள்ளைங்கதான் விடுமுறைக்குப் போகும். நாங்க இங்கதான் இருப்போம். ஆனா முட்டை விக்க ஆள் வேண்டாம்னு கேட்டைப் பூட்டிருவாங்க. மூணு மாசம். அப்பவும் அவ வந்து வெளியில நின்னாளா, இல்ல திரும்பிப் போயிட்டாளான்னு எனக்குத் தெரியாது, பிமு. நான் உள்ள கம்பளி பின்னிட்டு இருந்தேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு கத்தியது. விட்டுவிட்டேன். இருவரும் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே எங்கோ ரயில் கூவியது. ஐவி சால்வைக்குள்ளிருந்து இரண்டு அவித்த முட்டைகளை எடுத்து எனக்கொன்று கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. உப்பு கொண்டு வர மறந்திருந்தாள்.